சாணத்தில் நட்ட மூன்று மெழுகுதிரிகள்

கருவாட்டைப் பாலில் அவித்துத் தின்ற ஒரு வீட்டில் நான் மூன்று நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கழித்திருக்கிறேன். இதை எழுத உட்காரும்போதெல்லாம் வயிறு ஒருமுறை பிரட்டிவிட்டு, இன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடும். நாற்பத்தைந்தைத் தாண்டிய வயிறு இப்போது எல்லாவற்றுக்கும் பிரட்டுகிறது. அதனால் அதன் ஆலோசனையைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

பிரிட்டிஷ் கடற்படை திருகோணமலையைக் கையளித்துவிட்டுப் போய் நாலைந்து வருடமிருக்கும். துறைமுகத்தில் ஒரு கந்தோரில் நான் எழுதுவினைஞன். வயது இருபத்தாறு, எல்லாவற்றையும் வாசித்து, எதையும் செய்து பார்த்திராத வயது. ஜன்னலைத் திறந்தால் உட்துறைமுகமும் எண்ணெய் நாற்றமும் சேர்ந்து உள்ளே வரும் ஓர் ஓட்டு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். முன்வீட்டில் இருந்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். கடற்படையின் கப்பல் பட்டறையான டொக்யாட்டில் முப்பது வருடம் போர்மன், கூலியாட்களின் மேற்பார்வையாளர். கடற்படை போனபோது அவர் போகவில்லை. காரணம் அவருடைய மனைவி. அவர் இந்த ஊர்க் கத்தோலிக்கத் தமிழ்ப் பெண், போர்மனைவிட இருபது வயது இளையவர். பிள்ளைகள் இல்லை. அவரை நான் அக்கா என்றும், போர்மனை ஐயா என்றும் கூப்பிட்டேன். துரை என்று கூப்பிட்டால் போர்மனுக்குப் பொல்லாத கோபம் வரும்.

"துரை எண்டாத! துரை இங்கிலீசுக்காரன். அவன் உன்னை நூத்தைம்பது வருசம் மிதிச்சான். எங்களை எழுநூறு வருசம். நீ சின்னப் பொடியன்."

அவர் தமிழை டொக்யாட் கூலியாட்களிடம் படித்தவர். ஆகவே 'நீங்கள்' என்ற சொல் அவரிடம் இருக்கவில்லை. பங்குச் சாமியாரும் நீ, அரசாங்க அதிபரும் நீ, வீதியில் படுத்திருக்கும் மாடும் நீ. தூசணம் மட்டும் அவரிடம் வகை வகையாக இருந்தது. அவர் உணர்ச்சிவசப்பட்டுச் செபம் சொன்னால்கூடப் பக்கத்து வீட்டுப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள்.

பதினொரு மாதம் அவர் சாதாரண மனிதர். தேத்தண்ணி குடிப்பார், கப்பல் பார்ப்பார், ஏசுவார். மார்கழி பிறந்ததும் ஊர்க் காய்ச்சல் பிடிக்கும். நான் வாசித்த புத்தகங்களில் வெள்ளைத்தோல்காரரின் நத்தார் என்றால் பனியும் கேக்கும் சிவப்புத் தொப்பியுமாக இருந்தது. இவருடையது வேறு மாதிரி. அந்த நத்தாரில் எல்லாம் சாவைப் பற்றியதாகவோ நாற்றம் பிடித்ததாகவோ இருந்தது. சில காரியங்கள் இரண்டுமாகவும் இருந்தன.

முதல் வருடம் நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அன்று அவர்களுக்கு விரதம், இறைச்சி கூடாது. எங்கள் வீட்டு விரதம் போல ஒரு சாம்பாரும் பாயாசமும் இருக்கும் என்று நினைத்துக் குளித்து விபூதி பூசிக்கொண்டு போனேன். மேசை நடுவில் ஒரு பெரிய பீங்கான். அதற்குள் வெள்ளையாக, கட்டி கட்டியாக, ஆவி பறந்தபடி ஒரு குழம்பு. அவருடைய ஊரில் ஏதோ ஒரு பெரிய கடல்மீனை உப்பிட்டுக் காயவைத்து, இந்த நாளில் பாலிலும் கோதுமை மாவிலும் வெங்காயத்திலும் அவிப்பார்களாம். அந்த மீன் இங்கே இல்லாததால் கட்டாக் கருவாடு வாங்கியிருந்தார். மிளகாய் மருந்துக்கும் இல்லை. கருவாட்டு நாற்றம் எனக்குத் தெரியும். அதனோடு சண்டை பிடிக்க மிளகாயும் புளியும் இருக்கும்வரை அதை மதிக்கவும் தெரியும். பாலுக்குள் விட்ட கருவாடு வேறு சாதி. குழந்தை கக்கிய துணியை மீன்வாடியில் மறந்து வைத்தது போல ஒரு மணம்.

மீனும் பாலும் ஒரே நேரத்தில் வயிற்றில் சேர்ந்தால் தோல் வெளுக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். போர்மனைப் பார்த்தேன். அத்தாட்சி எதிரே உட்கார்ந்து இரண்டாம் தரம் போட்டுக்கொண்டிருந்தது.

"தின்னு தம்பி," என்றார். "தின்னாட்டி வருசம் முழுக்கப் பசி."

தின்றால் வருடம் முழுக்கப் பசிக்காது என்பதை நானும் நம்பினேன்.

அக்கா என் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தி, "மூச்சை அடக்கிக்கொண்டு விழுங்குங்கோ. நான் இருபது வருசமா அப்பிடித்தான்," என்றார்.

பிறகு ஜன்னலில் ஒரு பெரிய மெழுகுதிரி வைத்தார்கள். தங்க இடமில்லாமல் அலையும் மாதாவுக்கும் சூசையப்பருக்கும் வழி தெரிவதற்காம். வீட்டில் ஆக இளையவர்தான் அதைக் கொளுத்த வேண்டும். பிள்ளையில்லாத வீட்டில் அது என் தலையில் விழுந்தது. மாதாவுக்காக வாசற்கதவையும் திறந்தே வைத்து, மூன்று பேருக்குக் கோப்பையும் வைத்தார்கள். சற்று நேரத்தில் ஓர் ஆடு வந்தது. கடைத்தெருவில் சுவரொட்டி தின்று வளர்ந்த ஆடு. அது மூன்று கோப்பையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஒன்றையும் தொடாமல் திரும்பிப் போயிற்று. அந்த ஆட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

நத்தாருக்கு மறுநாள் குருவிக் கூத்து. அயர்லாந்தில் அன்று ஒரு சின்னக் குருவியைத் துரத்திக் கொன்று, முள்ளிலைக் கொப்பில் கட்டி, வைக்கோல் உடுத்து, முகத்தில் கரி பூசி, வீடு வீடாகக் கொண்டுபோவார்கள். குருவியின் அடக்கச் செலவுக்கு ஆளுக்கு ஒரு சல்லி கேட்பார்கள். அந்தக் குருவி இந்தத் தீவில் இல்லை. அதனால் என்ன? போர்மன் கவண் எடுத்துப்போய், வாலைத் தூக்கிக்கொண்டு திரிந்த ஒரு தையற்சிட்டை அடித்துக்கொண்டு வந்தார். முள்ளிலைக்கு, கிண்ணியாப் பக்கக் கண்டல் சேற்றில் வளரும் கழுதைமுள்ளி. சேற்று நாற்றம் இலவசம்.

"ஏன் ஐயா அதைக் கொல்லுறீங்கள்?" என்று கேட்டேன்.

"ஒரு புனிதர் பத்தைக்குள்ள ஒளிச்சிருந்தவர். இது கத்திக் காட்டிக் குடுத்தது."

"இந்தக் குருவியோ?"

"இதின்ர மச்சான்."

குருவி கட்டிய தடியைப் பிடித்தவன் நான். வாடகைக்கு இருப்பவன் மறுக்க ஏலாது. அத்துடன், இதையெல்லாம் புத்தகத்தில் வாசித்தால் ரசிப்பேன்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புத்தகத்தில் எறும்பு இல்லை. பத்து மணிக்குள் தடி வழியாக இறங்கி என் சட்டைக் கழுத்துக்குள் வந்துவிட்டது. பதினொரு மணிக்குக் குருவியின் கண் இருந்த இடத்தில் இரண்டு ஈ. கடற்கரையில் ஒரு மீன்பிடிகாரர் வீட்டு வாசலில் போர்மன் பாட்டுப் பாடி முடித்து அடக்கச் செலவு கேட்டார். வீட்டுக்காரி குருவியையும் என்னையும் ஒரே பார்வையால் பார்த்தார்.

"செத்த குருவிக்கு அடக்கச் செலவோ? போன மாசம் என்ர மாமன் செத்ததுக்கே ஒருத்தரும் ஒண்டும் தரேல்ல."

"அப்ப ஒரு இறகு எடு," என்றார் போர்மன். "படகில கட்டு. கடல்ல தாழாது."

"பிணத்தின்ர இறகைக் கட்டினா மீன் கிட்ட வருமோ? கொண்டு போங்கோ துரை. தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை மாதிரிக் கிடக்கு. உங்களுக்கும் வேற வேலை கிடைக்கேல்லையோ?"

அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் வருடமும் இதே. மூன்றாம் வருடம்தான் சாணம் வந்தது.

அந்த வருடம் கார்த்திகையில் போர்மனுக்கு அவருடைய தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. தங்கை விதவை, தனிய இருக்கிறார். தகப்பனின் வீடு இருக்கிறது. வந்துவிடு அண்ணா, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்று எழுதியிருந்தார். கடிதம் ஒரு மாதம் அலுமாரி மேல் கிடந்தது. போர்மன் அதைப் பற்றிப் பேசவில்லை. அக்கா அதைத் தூசு தட்டும்போதுகூடத் தொடாமல் சுற்றித் தட்டினார்.

நத்தாருக்கு முதல் நாள், வெள்ளைக் கருவாட்டுக்கு முன்னால், போர்மன் தன் தீர்மானத்தைச் சொன்னார்.

"ஆர் முதல் சாகிறதெண்டு தெரிஞ்சா மிச்சம் லேசு. நான் முதல் போனா, இவள் அங்க மழைக்குள்ள என்ர தங்கச்சியோட தனிய. ஒரு சனம் தெரியாது. அது பாவம். அப்பிடியெண்டா இஞ்சயே இருப்பம். இவள் முதல் போனா, நான் இஞ்ச தனிய. எனக்குத் தேத்தண்ணி போடவும் தெரியாது. அப்பிடியெண்டா இப்பவே அங்க போவம். சரியோ?"

"ஆர் முதல் எண்டு ஆர் ஐயா சொல்லுறது?" என்றேன்.

"திரி சொல்லும்."

தை மாதம், அதாவது ஜனவரி, ஆறாம் திகதி அவர்களுடைய நத்தார்க் காலத்தின் கடைசி நாள். அன்று பின்னேரம், பச்சைச் சாணத்தைத் தட்டுப் போலத் தட்டி, வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு திரி நட்டுக் கொளுத்துவார்களாம். அவருடைய ஊரில் கோரைப்புல்லைக் கொழுப்பில் தோய்த்த திரி. இங்கே கடை மெழுகுதிரி போதும். எந்த வரிசையில் திரி நூர்ந்து அணைகிறதோ அந்த வரிசையில் ஆட்கள் சாவார்கள். அவருடைய தகப்பனும் தமையனும் அப்படியே வரிசை பிசகாமல் போனார்களாம்.

"தங்கச்சிக்கும் எழுதிப் போட்டன்," என்றார். "திரி சொல்லுறபடி செய்வன் எண்டு." பிறகு என்னைப் பார்த்து, "நாங்கள் போனா இந்த வீட்டை நீ எடு. வீட்டுக்காரனோட நான் கதைக்கிறன்," என்றார்.

அது எனக்கு அவசரமாகத் தேவைப்பட்ட வீடு. அன்புவழிபுரத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். ஒற்றை அறைக்குத் தன் மகளை அனுப்ப ஏலாது என்று பெண்ணின் தகப்பன் சொல்லி இரண்டு மாதமாகிவிட்டது. ஆக, அந்த மேசையில் யார் முதலில் சாவார் என்பதில் எனக்கும் ஓர் அக்கறை இருந்தது. அதை அறிந்தபோது கருவாடு தொண்டையில் சிக்கியது போல இருந்தது, கருவாடாகவும் இருக்கலாம்.

மறுநாள் அக்கா கொடியில் உடுப்புக் காயப்போட்டபடி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு பாவக் கதை சொல்லப்போறன். சாமியாருக்கும் சொல்ல ஏலாது."

"சொல்லுங்கோ அக்கா."

"அவற்ற திரி முதல் நூர வேணும்."

சொல்லிவிட்டுத் தன் தாலியைச் சட்டைக்குள் தள்ளிவிட்டார், அதற்குக் கேட்டுவிடும் போல.

"எனக்கு அங்க போக ஏலாது தம்பி. பனி எண்டது படத்தில வடிவு. ஐஸ் பெட்டிக்குள்ள இருந்து சீவிக்க ஏலுமே? என்ர அம்மாவைப் புதைச்ச சேமக்காலை இஞ்ச. என்ர சனம் இஞ்ச. அந்த மனிசி என்னோட என்ன கதைப்பா, நான் என்ன கதைப்பன்? அவருக்கு நேர சொன்னா, எனக்காக நிண்டிடுவார். பிறகு சாகும் வரைக்கும் அந்தக் கடிதத்தைப் பாத்துக்கொண்டிருப்பார். திரி சொன்னா ஒருத்தரிலயும் பிழையில்லை. நீங்கள் படிச்சனீங்கள். ஏதும் செய்ய ஏலாதோ?"

பூவோடும் பொட்டோடும் போக வேண்டும் என்று வேண்டுதல் வைக்கும் பெண்களை எனக்குத் தெரியும். கத்தோலிக்கப் பெண்களுக்கும் அது உள்ளூர உண்டு. அவர்களில் ஒருத்தி, புருஷன் முதலில் சாக வழிசெய் என்று ஈரக்கையோடு என்னிடம் கேட்டார். நான் ஓம், செய்கிறேன் என்றேன். வீடு கைநழுவும் என்று தெரிந்தும் ஓம் என்றேன். என் வாழ்நாளில் சொந்த நலனுக்கு எதிராக நான் செய்த காரியங்களை ஒரு கைவிரலில் எண்ணலாம் என்பதால் இதை இங்கே பதிவு செய்கிறேன்.

சாணம் வேண்டும். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் தயிர் கொண்டுவரும் முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், நாங்கள் காக்கா என்போம், இறங்குதுறை ஜெட்டியில் வைத்துக் கேட்டேன்.

"தயிர் கேக்கிற வாயால சாணி கேக்கிறீங்களே தம்பி. எருமைச் சாணி காணுமோ?"

"பசுச்சாணிதான் வேணுமாம் காக்கா. எருமை பொய் சொல்லுமாம்."

"சொல்லும். நத்தார் இரவில மாடெல்லாம் கதைக்கும் எண்டும் அந்தத் துரை போன வருசம் சொன்னவர். என்ர மாடு வாய் திறந்தா முதல் என்னைத்தான் ஏசும்."

ஐந்தாம் திகதி கொண்டுவந்தார். வாழையிலையில் பொதிந்து, தயிர்ச் சட்டிக்குள் வைத்து. சட்டி கழுவின சட்டிதான் தம்பி, என்று உறுதி வேறு. அதன் பின் ஒரு வருடம் நான் தயிர் தொடவில்லை.

நியாயமாகச் சொன்னால், சாணத்தை அருவருக்க எனக்கு உரிமையில்லை. மார்கழி விடிய எங்கள் வாசலில் சாணியில் பிள்ளையார் பிடித்துப் பூ வைத்து வளர்ந்தவன் நான். ஆனால் பிள்ளையார் வாசலோடு நின்றுகொள்வார். சாப்பாட்டு மேசைக்கு வந்து வெண்ணெய்க்கும் பாண் ரொட்டிக்கும் நடுவில் உட்காரமாட்டார்.

ஆறாம் திகதி அவர்களுக்குப் 'பெண்களின் நத்தார்'. அன்று பெண் ஒரு வேலையும் செய்யக்கூடாது. வீட்டு வேலை முழுக்க ஆண்கள் செய்ய வேண்டும். ஆகவே அக்கா விறாந்தையில் கதிரையில் கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார், யாரோ தன்னைக் கைதுசெய்துவிட்டது போல. குசினி அடுப்படியில் போர்மனும் நானும். அவர் உருளைக்கிழங்கை உரிக்கவில்லை, செதுக்கினார். நான் காலைச் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவினேன். முட்டை காய்ந்து ஒட்டிய கோப்பையை விரல் நகத்தால் சுரண்டுவது என்ன என்று அன்றுதான் தெரிந்தது. எங்கள் பெண்கள் இதை வருடத்தில் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் செய்கிறார்கள் என்ற உயர்ந்த எண்ணம் அப்போது எனக்கு வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

அவர் விறகு எடுக்கப் பின்பக்கம் போனபோது வேலையைத் தொடங்கினேன். ஒரு மெழுகுதிரியைப் பேனாக்கத்தியால் நடுவில் வெட்டினேன். கீழ்ப்பாதியின் தலையிலிருந்து ஒரு விரற்கடை நூலை ஊசியால் தோண்டி எடுத்தேன். மெழுகை உருக்கி இரண்டு பாதியையும் மறுபடி ஒட்டிப் பெருவிரலால் தடவினேன். பாதி எரிந்து ஒட்டுக்கு வந்ததும் நூல் இல்லாமல் நூர்ந்துவிடும். பக்கத்தில் இன்னும் இரண்டு திரி. அதில் ஆகத் தடித்ததை என் பெயருக்கு என்று ஒதுக்கி வைத்தேன். இந்த மூடநம்பிக்கையை நான் துளியும் நம்பவில்லை. ஆனாலும் ஒதுக்கி வைத்தேன்.

போர்மன் வந்தார். மூன்று திரியையும் கையில் எடுத்தார், உருட்டிப் பார்த்தார். "இது என்ர," என்று ஒட்டுத் திரியைத் தானே எடுத்துத் தன் பக்கம் சாணத்தில் நட்டுவிட்டு, மற்ற இரண்டையும் நட்டார். என் வேலை சுலபமானதில் எனக்குச் சந்தோசம்.

பொழுது சாயும் நேரம். வாடைக்காற்று வராமல் ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மேசையைச் சுற்றி மூன்று பேர், நடுவில் சாணத் தட்டு. போர்மன் திரிகளைக் கொளுத்தினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு மெழுகு வடிந்து சாணத்தில் விழ விழ அது சூடேறியது. சூடேறிய சாணத்தின் மணம் மூக்கில் நிற்பதில்லை, நேரே நாக்குக்கு வருகிறது. ஈரமான கரை ஒன்று பளபளத்தது. அதற்குள்ளிருந்து வெள்ளையாய் ஏதோ ஒரு புழு தலை நீட்டி, வெளிச்சத்தைப் பார்த்து, மறுபடி உள்ளே போயிற்று. என் முன்னால் உருளைக்கிழங்கு ஆறிக்கொண்டிருந்தது. மூன்று வளர்ந்த மனிதர், அதில் ஒருவன் படித்தவன், ஒரு மாட்டின் கழிவைப் பார்த்துக்கொண்டு மூச்சுவிடாமல் இருந்தோம்.

அரை மணித்தியாலம் போனது. போர்மனின் திரி ஒட்டுக்கு வந்தது. சுடர் ஒருமுறை நீண்டது, பிறகு சுருங்கியது. மஞ்சள் போய் நீலம் வந்தது. ஒரு குன்றிமணி அளவு நீலம், நடுங்கிக்கொண்டு.

அக்கா அதைப் பார்த்தார். பன்னிரண்டு நாளாக அவர் கேட்டுக்கொண்டது அதுதான். அவருடைய முகத்தில் எனக்குத் தெரிந்தது ஆறுதல் என்று நினைக்கிறேன், ஒரு கணம். அடுத்த கணம் அவர் கை மேசை மேல் வந்தது. எச்சில் தொடாத வெறும் விரல் இரண்டால் தன் திரியின் சுடரைப் பிடித்து நசுக்கினார்.

சதை பொசுங்கும் மணமும் சாணத்தோடு சேர்ந்தது. நீலச் சுடர் இன்னும் நாலு மூச்சு நேரம் இருந்துவிட்டு நூர்ந்தது. என் திரி மட்டும், தடித்த திரி, வெட்கமில்லாமல் எரிந்தது.

"காத்து," என்றார் அக்கா. "காத்தில நூந்திட்டுது."

ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது.

போர்மன் அவருடைய கையை இழுத்து, விரல்களில் வெண்ணெய் தடவினார். நெடுநேரம் தடவினார். பிறகு, "திரி சொல்லிப்போட்டுது," என்றார்.

"ஓம்," என்றார் அக்கா. "போவம்."

பெண்களின் நத்தார் ஆனபடியால் கோப்பை கழுவும் வேலை எங்களுக்கு. குசினியில் போர்மன் சாணத் தட்டைத் தூக்கி வந்து, தன் திரிக் கட்டையைப் பிடுங்கி, நகத்தால் ஒட்டைக் கிளப்பினார்.

"முப்பது வருசம் வெல்டிங் பாத்த கண் தம்பி. காலமையே தெரியும். இவ்வளவு மோசமா ஒட்டினவனை டொக்யாட்டில வேலையால நிப்பாட்டியிருப்பன்."

கழுவிய கோப்பையைக் கீழே வைத்தேன். "தெரிஞ்சுகொண்டே அதை ஏன் உங்களுக்கெண்டு எடுத்தனீங்கள்?"

"அவள்தான் உன்னட்டச் சொன்னவள் எண்டும் தெரியும். வேற ஆர்? நல்லதெண்டு நினைச்சன். எனக்கும் இஞ்சதான் இருக்க விருப்பம். அந்த ஊரை விட்டு நாப்பது வருசம். அங்க எனக்கு ஆர் இருக்கினம்?"

"பிறகேன் ஐயா இந்தச் சாணிக் கூத்து?"

"தங்கச்சிக்கு 'வரமாட்டன்' எண்டு எழுதக் கை வரேல்ல. திரி சொன்னா அவள் நம்புவாள். அவளும் அதே மேசையில இருந்தவள்."

"அப்ப இப்பவே போய் அக்காவுக்குச் சொல்லுங்கோ. ரெண்டு பேருக்கும் இஞ்ச இருக்கத்தானே விருப்பம்!"

"என்னெண்டு சொல்லுறது? நான் முதல் சாக வேணுமெண்டு அவள் கேட்டது எனக்குத் தெரியும் எண்டோ?"

"அவ கடைசியில தன்ரயத்தானே நூத்தவ!"

"அதுதான். அதுக்குப் பிறகு அதைச் சொல்ல ஏலுமோ? அவள் கையைச் சுட்டு வைச்ச முடிவு. அதை நான் இல்லையெண்டு சொல்லேலாது." சாணத்தை ஜன்னல் வழியே தோட்டத்தில் எறிந்தார். "நீயும் வாய் திறக்கக் கூடாது. திறந்தா..." என்று தொடங்கி, டொக்யாட்டில் படித்த ஒரு நீண்ட வசனத்தைச் சொன்னார். அதை எந்த அச்சுக்கூடமும் ஏற்காது.

அவர்கள் புறப்பட இரண்டு மாதம் எடுத்தது. அந்த இரண்டு மாதமும் அக்கா பெட்டி கட்டினார், போர்மன் கடிதம் எழுதினார், ஒருவர் முன் ஒருவர் சந்தோசமாக இருந்தார்கள். போர்மன் அயர்லாந்தின் புல்லைப் பற்றிச் சொல்வார், அக்கா 'அப்பிடியே' என்று கேட்பார். நான் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். வாக்குக் கொடுத்தேனே, எப்படிச் சொல்வது என்று காலையில் எழுந்ததும் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். போர்மன் அன்று ஏசியதற்கு நான் தலையாட்டவும் இல்லை என்பதை நினைவுபடுத்தாமல் இருக்கக் கவனமாக இருந்தேன். முன்வீட்டுப் பெரிய அறைக்கு மூன்று ஜன்னல். பெண் வீட்டாருக்குக் கடிதம் போட்டாயிற்று.

கருவாடு, குருவி, சாணம் எல்லாம் வயிற்றைப் பிரட்டியது உண்மைதான். ஆனால் அவை ஒரு மணித்தியாலத்தில் அடங்கிவிடும்.

ஸ்டேசனில் பின்னேர ரெயில். போர்மன் பதினைந்து அடி தள்ளி நின்று, பெட்டியைத் தலைகீழாக ஏற்றிய போர்ட்டரை ஏசிக்கொண்டிருந்தார். அக்கா ரெயில் பெட்டிக்குள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தபின் என்னைக் கிட்ட வரும்படி கையசைத்தார். இரண்டு விரல் நுனியும் இன்னும் இளஞ்சிவப்பாக, தழும்பேறி இருந்தன.

"தம்பி, அவற்ற திரியில நாங்கள் கை வைச்சது அவருக்குத் தெரியாதுதானே?"

போர்மனைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். ரெயில் புறப்பட இன்னும் நேரம் இருந்தது.

"தெரியாது அக்கா," என்றேன்.

"அப்ப சரி. தெரிஞ்சிருந்தா அவற்ற முகத்தில முழிக்க எனக்கு ஏலாது."

போர்மன் ஏறி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். ரெயில் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். அறை அறையாகப் பார்த்துவிட்டு, நல்ல வீடு, நல்ல காற்றோட்டம் என்றார்கள். ஓம் என்றேன்.